ஒன்பது ஆணிகள்

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஜெயசீலி ஒரு காரியம் செய்வாள். கதவு நிலையின் உட்புறத்தில் ஓர் ஆணி, அதில் ஒரு பித்தளை டோக்கன். அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் பூட்டைக் கையில் எடுப்பாள். திரும்பி வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே டோக்கன் ஆணிக்குப் போய்விடும். தண்ணீர் லாரிக்கு ஓடுகிற அவசரத்திலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற நிதானத்திலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் முப்பது வருஷமாக எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டார்கள். அவளைத் தேடி வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஆணி காலி, சீலி இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

டோக்கனில் 3127 என்று எண் பொறித்திருக்கும். அது அவள் அப்பா ஜெயகரனின் சுரங்க எண்.

சுரங்கத்தில் இறங்குகிறவன் டைம் ஆபீஸ் பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்துக்கொண்டு, ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறுவான். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் அவனே அதைத் திரும்ப மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான். டோக்கன் தொங்கினால் ஆள் மேலே வந்துவிட்டான். ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொடக்கூடாது. இவ்வளவுதான் விதி.

ஜெயசீலிக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது ஒரு நாள் ஜெயகரன் ஷிப்டு முடிந்து கேஜுக்காக நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்கை உள்ளே மறந்து வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. தாமதமாக மாட்டினால் ஆபீஸில் கத்துவார்கள் என்று டோக்கனைப் பக்கத்தில் நின்ற வேலுவிடம் கொடுத்து, "மாட்டிடுறா, அடுத்த கேஜ்ல வந்துடறேன்" என்றார். வேலு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். மேலே வந்து இரண்டு டோக்கனையும் மாட்டிவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்குச் சினிமா பார்க்கப் போய்விட்டான். அரைமணி நேரத்தில் கீழே பாறை வெடித்தது. இறங்கித் தேடியவர்கள் பலகையைப் பார்த்தார்கள். மூன்று ஆணி காலி. மூன்று பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள். ஜெயகரனின் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்ததால் அவரை யாரும் தேடவில்லை. மறுநாள் காலையில் ஜெயசீலியின் அம்மா சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடலைப் பார்த்த டாக்டர், வெடித்த பிறகும் ஏழெட்டு மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏழாம் வகுப்போடு ஜெயசீலியின் படிப்பு நின்றது. அம்மாவோடு ஆபீசர் வீடுகளில் பாத்திரம் துலக்கப் போனாள். பிறகு கிளமெண்டைக் கட்டிக்கொண்டாள். அவரும் அண்டர்கிரவுண்டு ஆள்தான். சுரங்கம் மூடியபோது கையில் கொஞ்சம் பணமும் நெஞ்சில் நிறையக் கல்தூசியுமாக வெளியே வந்தார். பணம் சீக்கிரம் தீர்ந்தது. தூசி தீரவில்லை.

ஜெயசீலி அதிகம் பேசமாட்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் சுவரோரம் நின்றுகொள்வாள். ஆனால் பார்த்தது எதுவும் அவளுக்கு மறக்காது. எந்த வீட்டில் எந்த டம்ளரில் கீறல் என்பதுகூட நினைவில் இருக்கும். அந்தக் குணத்துக்குத்தான் பங்களா வேலை கிடைத்தது.

பங்களா, வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவருக்காகக் கட்டியது. இரண்டு முழம் கனத்தில் கருங்கல் சுவர், மேலே ஓடு, சுற்றிலும் யூகலிப்டஸ். பல வருஷம் பாம்பும் புறாவும் குடியிருந்த அதை பெங்களூரிலிருந்து வந்த மனோகர் குத்தகைக்கு எடுத்தார். பழைய சிலைகளும் ஓவியங்களும் வாங்கி விற்கிறவர். பெங்களூரில் அவருக்குக் கண்ணாடிக் கதவு வைத்த காலரி இருந்தது. சாமான் பெருகி அங்கே இடம் போதவில்லை. கோலார் தங்கவயலில் வாடகை மலிவு, காற்றில் ஈரம் குறைவு, பெங்களூருக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். இங்கே ஸ்டோர் வைத்துவிட்டு, ஒருநாள் இதையே மியூசியமாக ஆக்கப்போவதாகவும் பேப்பரில் சொன்னார். ஊரில் சிரித்தார்கள். "மனுசன் இருந்த வீடெல்லாம் இடிஞ்சி கெடக்குது, பொம்மைக்கு பங்களா கேக்குதாம்" என்று டீக்கடையில் பேச்சு.

ஜெயசீலியின் வேலை, தூசி துடைப்பது, மஸ்லின் துணியில் சுற்றிக் கட்டுவது, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு உருப்படிகள். தெற்கத்தி வெண்கலம், நேபாளத்துச் செம்பு, திபெத்துத் துணிச்சித்திரம், ஜப்பான் காகிதச்சுருள், பச்சைப் பூச்சில் பளபளக்கும் சீன ஜாடி. ரெஜிஸ்டரை மேனேஜர் உதய் இங்கிலீஷில் எழுதினான். அதில் மாதா மாதம் கையெழுத்துப் போடச் சொல்வான், போடுவாள். அவளால் அதைப் படிக்க முடியாது. அதனால் தனக்காக ஒன்று செய்துகொண்டாள். பெட்டி உடைத்த பிளைவுட்டில் இருநூற்றுப் பதினான்கு ஆணி அடித்தாள். ராபர்ட்சன்பேட்டையில் சைக்கிள் ஸ்டாண்டுக்கு டோக்கன் அடித்துக் கொடுக்கும் கடையில் அலுமினியத் தகட்டில் எண் அடித்து வாங்கினாள். ஓர் உருப்படி கண்காட்சிக்கோ ரிப்பேருக்கோ போனால் அதன் டோக்கன் அதன் கழுத்தில் கட்டிப் போகும். வந்தால் ஆணிக்கு வரும்.

மனோகருக்கு அது பிடித்துப்போனது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை முதலில் பலகையின் முன்னால்தான் நிறுத்துவார். "எங்க சீலியம்மாவோட கம்ப்யூட்டர். கரண்ட் போனாலும் வேலை செய்யும்" என்பார். அவர்கள் சிரித்துப் படம் எடுப்பார்கள். ஜெயசீலி திரைக்குப் பின்னால் நகர்ந்துவிடுவாள். உருப்படிகளை அவள் ஆள் என்றுதான் சொல்வாள். "இன்னிக்கு மூணு ஆளு வெளிய."

பங்களா கேட்டில் வாட்ச்மேன் வேலு. அதே வேலு. அவருக்கும் தலை நரைத்துவிட்டது. அவர் அவளைப் பாப்பா என்பார், அவள் அவரை மாமா என்பாள். மழை, விலைவாசி, மாரிக்குப்பம் ரயில் எல்லாம் பேசுவார்கள். பழைய கதை ஒன்றை மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. பலகை செய்த அன்று வேலு வாசலில் நின்று ஆணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்பிறகு அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை.

கொரோனாவில் காலரி மூடியது. அங்கே காட்சிக்குப் போயிருந்த உருப்படிகளும் இங்கே திரும்பின, அவற்றின் டோக்கன்கள் ஆணிக்கு வந்தன. நோய் போன பிறகும் வியாபாரம் திரும்பவில்லை. பணக்காரர்கள் முதலில் நிறுத்துவது இந்த மாதிரிச் செலவைத்தான் என்று உதய் சொன்னான். வெளிநாட்டு மியூசியங்களுக்கும் கை இறுகிவிட்டது. வாங்க நினைத்த ஒன்றிரண்டும், எந்தக் கோயிலிலிருந்து, எந்த வருஷம், யார் கைமாறி வந்தது என்று காகிதம் கேட்டன. பாதிப் பொருளுக்கு மனோகரிடம் காகிதம் இல்லை. ஏலத்துக்கு அனுப்பிய நாலு பெரிய சிலைகள் கேட்பாரில்லாமல் திரும்பி வந்தன.

"ஏலத்துல போகாம திரும்பி வந்தா அது சீட்டு கிழிஞ்ச பொருள் மாதிரி. அப்புறம் பத்து வருஷம் எவனும் தொடமாட்டான்" என்றான் உதய், டோக்கனை அவிழ்த்துக் கொடுத்தபடி.

"சின்னது கூடவா?"

"சின்னது எப்பவும் போகும். கைல அடங்கறது, யாருக்கும் தெரியாம அலமாரில வெச்சிக்கறது, அதுக்கு கெட்ட காலமே இல்லம்மா."

அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள். அப்போது அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

அந்த வருஷத்தில்தான் கிளமெண்டுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகி, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைக்க வேண்டியதாயிற்று. லைன் வீட்டில் கரண்ட் நினைத்தால் போகும். பங்களாவிலோ ஓவியங்களுக்குக் காற்றை உலர வைக்கும் மெஷின் இராப்பகலாக ஓட வேண்டும் என்பதால் பெரிய இன்வெர்ட்டர் இருந்தது. விஷயம் கேள்விப்பட்ட மனோகர், பின்கட்டில் வந்து இருந்துகொள்ளச் சொன்னார். ஒரு வயர் இழுத்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். அதை அவர் நல்ல மனதோடுதான் செய்தார். ஜெயசீலி அப்பாவின் டோக்கனுக்குப் பின்கட்டுக் கதவில் ஓர் ஆணி அடித்தாள். முன்னறைகளில் சித்திரங்களும் பின்னறையில் கிளமெண்டும் ஒரே இன்வெர்ட்டரில் மூச்சு விட்டார்கள்.

மூன்று வருஷம் அப்படிப் போனது. பிறகு பெங்களூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு தனியார் மியூசியம், மனோகரின் சேகரிப்பு முழுவதையும் ஒன்றாக வாங்கிக்கொள்ள முன்வந்தது. நல்ல காலத்து விலையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று, அச்சடித்த புத்தகத்தில் இருக்கும் இருநூற்றுப் பதினான்கும் குறையாமல் இருக்க வேண்டும்.

மனோகர் பின்கட்டுக்கே வந்து சொன்னார். "இது முடிஞ்சா ஸ்டோர் இங்கயே இருக்கும் சீலியம்மா. மியூசியம் சம்பளம், உங்களுக்கும் வேலுக்கும். அவருக்கு மெஷினும் இங்கயே. முடியலன்னா பங்களாவை நான் விட்டுடணும். வேற வழி இல்ல." கட்டிலில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்த கிளமெண்ட் கைகூப்பினார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் ஜெயசீலி பெட்டி அறையைப் பெருக்கப் போனாள். பதினெட்டாம் எண் உருப்படி இருந்த பெட்டியின் மேல் தூசி இல்லை. திருகாணித் தலைகள் புதிதாகத் தேய்ந்திருந்தன. திறந்து பார்த்தாள். மஸ்லின் சுற்றி இருந்தது, கனமும் சரியாக இருந்தது. முடிச்சுதான் அவளுடையது இல்லை. அவள் இடப்பக்கம் சுருக்கு வைத்துக் கட்டுவாள், இழுத்தால் அவிழும். இது இறுக்கிய முடிச்சு. கத்தரியால் வெட்டினாள். உள்ளே ஒரு கல். சுரங்கத்திலிருந்து கொட்டிய கருங்கல் குவியல் ஊரைச் சுற்றிக் கிடக்கிறதே, அதில் ஒன்று.

சாயங்காலத்துக்குள் ஒன்பது பார்த்துவிட்டாள். சீன ஜாடி, நேபாளத்துத் தாரா, உள்ளங்கை உயரத்துக் கிருஷ்ணன், இன்னும் ஆறு. எல்லாம் சின்னது.

கேட்டுக்குப் போய் வேலுவைக் கேட்டாள். "காலைல யாரு மாமா வந்தது?"

"மொதலாளிதான். நீ கோயிலுக்குப் போனப்புறம். கார்ல ரெண்டு சூட்கேஸ் வெச்சாரு." வேலு அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னா பாப்பா?"

"ஒண்ணுமில்ல."

பலகையின் முன்னால் போய் நின்றாள். இருநூற்றுப் பதினான்கும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்பது பேர் இல்லை, ஆனால் ஒன்பது டோக்கனும் மேலே. ஒவ்வொன்றாகக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டாள். ஒன்பது ஆணிகள் காலியாயின. அதைத் தவிர அவள் எதுவும் செய்யவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் டீல் நிற்கும், டீல் நின்றால் பங்களா போகும், பங்களா போனால் பின்னறையில் மெஷின் நிற்கும். இதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, மியூசியத்திலிருந்து பார்வையிட வரும் நாளுக்கு முந்தின நாள், உதய் வந்தான். பலகையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இன்னாம்மா இது, ஒன்பது கழட்டி வெச்சிருக்கீங்க?"

"அந்த ஒம்போது உள்ள இல்ல சார்."

உதய் குரலைத் தணித்தான். "மொதலாளிக்குத் தெரியும். அவர் பொருளு, அவர் எடுத்தாரு. நாளைக்கு அந்த மேடம் வராங்க. எல்லாப் பெட்டியும் திறக்க அவங்களுக்கு நேரம் இல்ல, நான் காட்டற பத்துப் பெட்டி பாப்பாங்க, சீல் பாப்பாங்க, பலகையைப் பாப்பாங்க. பலகையை அவங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருக்காரு. ரொம்ப ஆசையா வராங்க. மாட்டிடுங்க."

அவள் மேசை டிராயரை இன்னும் இறுகத் தள்ளி மூடினாள்.

"அம்மா, ஒன்பது தகடு. அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரரை நெனச்சிப் பாருங்க."

அன்று மத்தியானம் கிளமெண்டுக்குக் கஞ்சி ஊட்டும்போது சொன்னாள். அவர் வெகுநேரம் மூச்சை இழுத்துவிட்டுப் பேசினார்.

"மாட்டிடேன் சீலி. சிலைதான. ஆளா இன்னா?"

"எங்கப்பா டோக்கனும் தொங்கினுதான் இருந்திச்சி."

கிளமெண்ட் கஞ்சிக் கிண்ணத்தை விலக்கினார். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. "உன்னால ஆவாதுன்னா மாட்டாத" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் அதுக்கு முன்னயே போயிட்டா உனுக்கு இந்த ரோதனையே இல்ல" என்றார்.

"வாயக் கழுவுங்க."

அவள் மாட்டவில்லை. மாட்டமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. காலையில் அறையைத் திறந்தால் அந்தப் பெண்மணியே காலி ஆணிகளைப் பார்த்துக்கொள்வார், தான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்தாள். அதுதான் அவள் போட்ட கணக்கு.

மறுநாள் காலையில் கிளமெண்டுக்கு முடியாமல் போய், மருந்துக்காக ராபர்ட்சன்பேட்டை வரை ஓடிவிட்டுத் திரும்பும்போது பத்து மணி தாண்டிவிட்டது. வாசலில் கார் நின்றது. கேட்டைத் திறந்த வேலு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே மியூசியத்திலிருந்து வந்த சுனிதா, கதர்ச் சேலையில், கழுத்தில் கண்ணாடி தொங்க, பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் உதய்.

பலகை நிறைந்திருந்தது. இருநூற்றுப் பதினான்கும்.

ஜெயசீலிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. உதய் தொட்டிருந்தால் டோக்கன்கள் எண் வெளியே தெரியத் தொங்கும், அவனுக்கு அப்படித்தான் பழக்கம். ஒன்பதும் எண் சுவர்ப்பக்கம் திரும்பித் தொங்கின. டைம் ஆபீஸில் அப்படித்தான் மாட்டுவார்கள். அவள் அப்பாவின் டோக்கனும் அப்படித்தான் மாட்டப்பட்டிருந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

சுனிதா பத்துப் பெட்டிகளைப் பார்த்து முடித்திருந்தார். முகத்தில் திருப்தி. "இவங்கதானா?" என்று ஜெயசீலியைக் காட்டிக் கேட்டுவிட்டு, படம் எடுக்கப் போனைத் தூக்கினார். கோப்பில் முதல் பக்கத்தில் இந்தப் படத்தைத்தான் வைக்கப்போகிறேன் என்று கன்னடத்தில் சொன்னார்.

ஜெயசீலி சுவரோரத்திலிருந்து நடந்து வந்து போனுக்கும் பலகைக்கும் நடுவில் நின்றாள். பதினெட்டைக் கழற்றினாள். பிறகு இருபத்துமூன்று. பிறகு நாற்பது.

"அம்மா, இன்னா பண்றீங்க?" என்றான் உதய்.

அவள் திரும்பவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒவ்வொன்றும் கழலும்போது ஆணியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. ஒன்பதும் கழன்றதும் வைக்க இடம் தெரியாமல் முந்தானையை அவிழ்த்து, அப்பாவின் டோக்கனோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

"இதேனம்மா, என்ன இது?" என்றார் சுனிதா.

"இந்த ஒம்போது பேரு உள்ள இல்லங்க" என்றாள் ஜெயசீலி. அந்த அறையில் ஒரு விருந்தாளியின் முன்னால் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

சுனிதா பதினெட்டாம் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டு, காருக்குப் போனார். உதய் பின்னாலேயே ஓடினான்.

கேட்டில் வேலு ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை முட்டிக்கு நடுவில் வைத்திருந்தார்.

"உதய் சார் கேட்டாரு. உன் வேல போயிடும்னாரு, கிளமெண்ட் மூச்சு போயிடும்னாரு" என்றார். "நல்லதுன்னுதான் மாட்டினேன் பாப்பா. அன்னிக்கும் நல்லதுன்னு நெனச்சித்தான் மாட்டினேன்."

நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் முறை.

"தெரியும் மாமா" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் மனோகர் வந்தார். கத்தவில்லை. "எனக்கு வேற வழி வைக்கலியே சீலியம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் நேராகப் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஒன்பது பொருள் திருட்டு, சாவி வைத்திருந்தவள் ஜெயசீலி என்று புகார். ரெஜிஸ்டரில் ஒன்பதும் ஸ்டோரில் இருப்பதாக அவள் மாதா மாதம் போட்ட கையெழுத்து இருந்தது. கடைசிக் கையெழுத்து, பார்வைக்கு ஒரு வாரம் முன்பு உதய் ரெஜிஸ்டரைக் கொடுத்தனுப்பி வாங்கியது.

"டோக்கனக் கழட்டினது நீதான?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க."

"காணோம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரம் முன்ன."

"மூணு வாரம் ஏன் சொல்லல?"

கேட்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல அவளுக்கு வரவில்லை. மெஷின், வயர், இன்வெர்ட்டர் என்று தொடங்கினாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். பலகையை எடுத்து வந்து வைத்தார்கள். எது எப்போது போனது என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்தவள்தான் எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது அவர்களுக்கு. முந்தானையை அவிழ்க்கச் சொன்னார்கள். கைப்பற்றிய பொருள் பட்டியலில் டோக்கன் பத்து என்று எழுதினார்கள்.

"அந்தப் பித்தள மட்டும் எங்கப்பாதுங்க" என்றாள்.

"கோர்ட்டுல சொல்லி வாங்கிக்க."

வேலு தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், திரும்ப மாட்டியது நான்தான், மொதலாளி சூட்கேஸ் ஏற்றியதைப் பார்த்ததும் நான்தான் என்றார். முதல் பாதியை எழுதிக்கொண்டார்கள். வழக்கில் அவர் இரண்டாம் எதிரி ஆனார்.

ஜாமீன் கிடைப்பதற்கு ஒன்பது நாள் ஆனது. அதற்குள் பங்களாவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கிளமெண்டை அக்கம்பக்கத்தார் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய லைன் வீட்டில் விட்டிருந்தார்கள். மெஷினும் கூடவே போனது. ஏப்ரல் மாதம், காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெயசீலி முதல் வாய்தாவுக்காகக் கோர்ட் வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருந்தாள். கரண்ட் வந்தபோது ஒன்றரை மணி. பக்கத்து வீட்டு அமலா விசிறிக்கொண்டே இருந்தாளாம். கிளமெண்டின் அடக்கத்துக்கு மனோகரும் வந்து பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சுனிதா ஒருமுறை போன் செய்தார். பச்சை ஜாடியின் படம் ஏதோ ஒரு வெளிநாட்டு ஏலப் புத்தகத்தில் வந்திருக்கிறது என்றார். ஏலத்தில் அதை யாரும் கேட்கவில்லை, திரும்பிப் போய்விட்டது என்றும் சொன்னார். அந்தப் பக்கத்தை விசாரணை அதிகாரிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அது இன்னும் கோர்ட்டுக்கு வந்து சேரவில்லை.

ஜெயசீலிக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போய், ஓர் அடுக்குமாடியில் படிக்கட்டுகளைத் துடைத்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புகிறாள். வாய்தா நாளில் சம்பளம் கிடையாது. இதுவரை பதினொரு வாய்தா. வேலுவும் வருகிறார். இரண்டு பேருக்கும் பன்னும் டீயும் அவர்தான் வாங்கி வருவார். மியூசியம் வேறொருவருடைய சேகரிப்பை வாங்கித் திறந்துவிட்டது. பங்களா பூட்டியே கிடக்கிறது. உள்ளே இன்வெர்ட்டர் ஓடவில்லை. பலகையும் பத்து டோக்கனும் கோர்ட்டுச் சாமான் அறையில் இருக்கின்றன. அப்பாவினுடையதைக் கேட்டு மனு போட்டிருக்கிறாள், உத்தரவு வரவில்லை. லைன் வீட்டுக் கதவு நிலையில் ஆணி இருக்கிறது. அவள் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது காலியாகவே இருக்கிறது. தேடி வருகிறவர்கள் இப்போது கதவைத் தட்டுகிறார்கள்.